புருவ இடுக்குக் கோட்டுக்கு போடாக்ஸ்: போடலாமா? அபிநயம் என்ன ஆகும்?

சலங்கைச்சத்தம் | சென்னை

வணக்கம். எனக்கு 46 வயது. பரதநாட்டியம் ஆடுகிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில் நெட்டாக நிற்கிற இரண்டு கோடுகள்தான் பிரச்சினை. சும்மா உட்கார்ந்திருந்தால்கூட "என்ன மிஸ், கோபமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மேடையில் இன்னும் மோசம். பேன்கேக் பூசி ஒரு வர்ணம் ஆடி முடிப்பதற்குள் வியர்வையோடு மேக்கப் அந்தக் கோட்டுக்குள் இறங்கிவிடுகிறது. க்ளோஸப் போட்டோக்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள் என்கிறாள் தோழி. எனக்கு மூன்று சந்தேகம். அது விஷம் என்கிறார்களே, நிஜமா? ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால் முகம் முன்பைவிடத் தளர்ந்துவிடுமா? கடைசியாக, புருவம் அசையாவிட்டால் நான் எதை வைத்து அபிநயம் செய்வது? மார்கழியில் இரண்டு சபாவில் நிகழ்ச்சி இருக்கிறது.

போட்டவர்களும் டாக்டர்களும் சொல்லுங்கள். வயதாவதை ஏற்றுக்கொள் என்ற அறிவுரை வேண்டாம். அதை மாமியார் தினமும் தருகிறார்.

மோர்க்குழம்பு | மதுரை

விஷம்தான், சந்தேகமே வேண்டாம். கெட்டுப்போன டப்பா உணவைச் சாப்பிட்டு ஆள் சாகிறானே, அதே கிருமியின் நஞ்சு. காசு கொடுத்து அதை நெற்றியில் குத்திக்கொள்வானேன்?

தோல்டாக்டர் | கோவை

மோர்க்குழம்பு சொல்வதில் பாதி சரி. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் நச்சுப் புரதம்தான் இது. மனிதனுக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே ஆகக் கடுமையானது. ஆனால் அளவைச் சொல்லாமல் விஷம் என்று மட்டும் சொன்னால் பேச்சு முடிந்துவிடாது.

புருவ இடுக்குக்கு வழக்கமான அளவு 20 யூனிட். ஐந்து இடத்தில் நான்கு நான்கு யூனிட்டாகப் பிரித்துப் போடுவோம். மனிதனைக் கொல்ல சுமார் 3,000 யூனிட் வேண்டியிருக்கும் என்று குரங்குச் சோதனைகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். தீராத ஒற்றைத் தலைவலிக்கு இதே மருந்தை 155 யூனிட், தலையிலும் கழுத்திலும் 31 இடத்தில், 12 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். அழகுக்குப் போடுவது இந்த மருந்தின் உபயோகத்தில் சின்ன ஓரம்தான்.

வேலை செய்யும் விதம் இது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வந்தால்தான் தசை சுருங்கும். அதை வெளியே விடும் புரதத்தை இந்த நஞ்சு வெட்டிவிடுகிறது. தசைக்கு உத்தரவு வராது, அது ஓய்ந்து கிடக்கும். இரண்டு மூன்று நாளில் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். பிறகு நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி முகம் சுளிக்கலாம்.

இதை அழகுக்காக யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய 1970களில் முயன்றதில் வந்தது. 1989இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கொடுத்தது. நடுவில் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் டாக்டரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட வந்த ஓர் அம்மா, இந்தத் தடவை ஏன் புருவத்தில் போடவில்லை என்று குறைப்பட்டார். அங்கே போட்டால் முகம் கவலையில்லாமல் தெரிகிறதாம்! ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் டாக்டர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். புருவ இடுக்குக் கோட்டுக்கு எஃப்டிஏ அனுமதி 2002இல் வந்தது. கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013, நெற்றி ரேகைக்கு 2017.

பக்க விளைவு இல்லையா என்றால், உண்டு. ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, ஓரிரு நாள் தலைவலி, இதெல்லாம் சாதாரணம். கொஞ்சம் தொந்தரவானது மேல் இமை தொங்குவது. புருவ இடுக்குக்கான சோதனைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு வந்தது. மருந்து நகர்ந்து இமையைத் தூக்கும் தசைக்குப் போய்விடுவதுதான் காரணம். மருந்தின் வேகம் குறையும்போது அதுவும் சரியாகிவிடும்.

மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் நான் போடுவதில்லை. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மோர்க்குழம்பு | மதுரை

//ஆகக் கடுமையானது//

நன்றி டாக்டர். எனக்கு இது போதும் 😀

கண்மை | திருச்சி

இமை தொங்குவதை ஏதோ தலைவலி மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் டாக்டர். எனக்கு வந்தது. ஒரு பியூட்டி பார்லரில் "ஆஃபர்" என்று ஒரு பெண் போட்டார். டாக்டரா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போட்ட பிறகு நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி நன்றாகத் தேய்த்துவிட்டார். ஆறேழு நாள் கழித்து இடது இமை பாதிக்கு இறங்கியது. வலது பக்கப் புருவத்தின் வால் மட்டும் மேலே தூக்கிக்கொண்டது. பேங்க் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நான். வருகிறவர்கள் எல்லாம் பக்கவாதமா என்று கேட்டார்கள். போனில் கேட்டால் "செட் ஆகிடும் மேடம்" என்றார்கள்.

கண் டாக்டரிடம் போனேன். ஒரு சொட்டு மருந்து கொடுத்தார், அது இமையைக் கொஞ்சம் தூக்கியது. முழுசாகச் சரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

தோல்டாக்டர் | கோவை

தேய்த்தது தப்பு. போட்ட இடத்தை அன்றைக்கு அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. உள்ளே இருக்கும் மருந்தைப் பக்கத்துத் தசைக்கு நாமே தள்ளிவிடுவோம். ஊசி இறங்கும் இடமும் முக்கியம். கண்குழிக்கு மேலே இருக்கிற எலும்பு விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அதற்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே குத்தவேண்டும். புருவ வால் தூக்கிக்கொள்வது நெற்றித் தசையின் நடுவை மட்டும் ஓயவைத்து ஓரத்தை விட்டுவிட்டால் வருவது. அங்கே ஒரு துளி போட்டால் இறங்கிவிடும். "செட் ஆகிடும்" என்று போனை வைத்திருக்கவேண்டியதில்லை.

மருந்துச்சீட்டு | சேலம்

மருந்துக் கொள்முதலில் பல வருஷம் இருந்தவன். எல்லோரும் மருந்து பாதுகாப்பானதா என்று கேட்கிறீர்கள். குப்பிக்குள் இருப்பது அந்த மருந்துதானா என்பதைக் கேளுங்கள் முதலில்.

2004இல் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்ட நான்கு பேர் உடல் முழுக்கச் செயலிழந்து மூச்சுக்கருவியில் படுத்தார்கள். உள்ளே போனது மனிதருக்கு என்று தயாரித்த மருந்தே இல்லை, ஆராய்ச்சிக்கு விற்கும் கச்சா நஞ்சு. 2024இல் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பேருக்கு போலி ஊசியாலோ தகுதியில்லாதவர் போட்ட ஊசியாலோ பாதிப்பு, அதில் 11 பேர் ஆஸ்பத்திரியில். 2025இல் இங்கிலாந்தில் உரிமம் இல்லாத சரக்கைப் போட்டுக்கொண்டு பலருக்கு இதே கதி. நல்ல குப்பியால் அழகு அளவில் உயிர் போன கதை எனக்குத் தெரியாது. கெட்ட குப்பியால் வந்த கதை வருஷாவருஷம் வருகிறது.

கிளினிக்கில் செய்ய வேண்டியது இதுதான் மேடம். குப்பியைக் கண்ணால் பாருங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் பிடியுங்கள். அசல் மருந்து பெரும்பாலும் குப்பியின் அடியில் ஒட்டிக்கிடக்கும் வெண்படலமாக வரும், காலிக் குப்பி மாதிரி இருக்கும். உங்கள் கண்ணெதிரே சலைன் என்ற உப்புநீரை ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். 100 யூனிட் குப்பியில் இரண்டரை மில்லி ஊற்றினால் 0.1 மில்லிக்கு 4 யூனிட். அதிகம் தண்ணீர் காட்டினால் அதே சிரிஞ்சில் பாதி மருந்துதான் வரும், "எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு மாதத்தில் போய்விட்டது" என்பவர்களில் பலர் இந்தக் கணக்கில் ஏமாந்தவர்கள். "ஃபுல் ஃபேஸ் இவ்வளவு ரூபாய்" என்று விலை சொன்னால் எத்தனை யூனிட், எந்த பிராண்டு என்று கேளுங்கள். ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. போடாக்ஸில் 20 என்றால் டிஸ்போர்ட்டில் 50.

ரொறன்ரோ_தேவி | ரொறன்ரோ

அக்கா, நான் சரியான தலையிடிக்காரி. நரம்பு டாக்டர்தான் எனக்கு முதலில் இந்த ஊசியைப் போட்டது, அழகுக்கு இல்லை. இப்ப சில வருஷமாகத் தொடருது. தலையிடி பாதிக்கு மேல் குறைஞ்சது. நெற்றி வழுவழு என்று வந்தது இலவச இணைப்பு.

ஊசி நுளம்பு கடிச்ச அளவுதான் நோகும். ஆனால் ஒன்று சொல்ல வேணும். மகள் ஏதாவது கதை சொல்லும்போது நான் ஆச்சரியப்பட்டாலும் அவளுக்குத் தெரியிறதில்லை. "அம்மா, நான் சொன்னது கேட்டதா?" என்று திருப்பிக் கேட்பாள். போட்டு முதல் ஒன்றரை மாதம் அப்படித்தான். நீங்கள் மேடையில் ஆடுகிற ஆள். யோசிச்சுப் பாருங்கோ.

நட்டுவாங்கம் | தஞ்சாவூர்

அம்மா, மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தட்டுக்கழி பிடித்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தே காலம் போனது, அதனால் புருவத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நாட்டியசாஸ்திரம் புருவத்துக்கு ஏழு அசைவு சொல்கிறது. அதில் ப்ருகுடி, அதாவது புருவ நெரிப்பு, நீங்கள் ஊசி போட நினைக்கிற அதே இடம். கோபம் காட்டும் ரௌத்திரத்துக்கு அது இல்லாமல் முடியாது. நரசிம்மம் ஆடுகிறீர்கள், ஹிரண்யனைத் தூண் முன்னால் நிறுத்தியாகிவிட்டது, விழி பிதுங்குகிறது, பல் தெரிகிறது, புருவ இடுக்கு மட்டும் தூங்கி வழிகிறது என்றால் என்ன ஆகும்? சபையில் நான்காவது வரிசையில் இருப்பவருக்கு அந்தக் கோடு தெரியாது, கோபம் தெரியும். ஊசிக்குப் பிறகு கோடும் தெரியாது, கோபமும் தெரியாது.

வேறொருத்தியிடம் போய்விட்டு வந்த நாயகனைக் கோபிக்கிற கண்டிதா நாயகிக்கு இன்னும் சிரமம். அவள் முழுசாகக் கோபப்படுவதில்லை. ஒரு புருவம் சற்றே நெரிந்து உடனே விடுபடும், மனது உள்ளே போட்டு வைத்திருப்பது அந்த இடைவெளியில்தான் தெரியும். பதம் என்கிற அபிநயப் பாட்டை ஆடுகிறவர்களுக்கு அரைக்கால் புருவம் அரை ராஜ்ஜியம்.

சலங்கைச்சத்தம் | சென்னை

மாமா, நரசிம்மத்தைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். மார்கழிக்கு எடுத்திருப்பதே ஒரு கண்டிதா பதம்தான்.

டாக்டர், புருவ இடுக்கில் மட்டும் போட்டு மேலே நெற்றியைத் தொடாமல் விட்டால்? புருவத்தைத் தூக்குவது வருமா?

தோல்டாக்டர் | கோவை

வரும். நெரிப்பது ஒரு தசை, தூக்குவது வேறு தசை. இடுக்கில் மட்டும் போட்டால் நெரிப்பு போகும், தூக்குவது நிற்கும். வியப்பைக் காட்டும் அற்புதமும் பயத்தைக் காட்டும் பயானகமும் தப்பித்துவிடும், ரௌத்திரம் அடிபடும். அளவைக் குறைத்துப் போட்டு அரைகுறை அசைவை விட்டுவைக்கவும் முடியும். ஆனால் அந்த "அரைகுறை" இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். சாதாரண ஆளுக்கு அது பொருட்டில்லை. உங்களுக்கு அதுதான் தொழில்.

இன்னொன்று. நெற்றி முழுக்கப் போடுவதை 40 தாண்டியவர்கள் ரொம்ப யோசிக்கவேண்டும். மேல் இமை கொஞ்சம் தளர்ந்தவர்கள் தங்களை அறியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கி வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தசையை ஓயவைத்தால் கண் மேல் பாரம் வைத்தது போல் இருக்கிறது என்று திரும்பி வருவார்கள்.

புத்தகப்புழு_2 | பெங்களூரு

அபிநயம் என்றதும் ஞாபகம் வந்தது. 2010இல் டேவிட் ஹவாஸ் குழு செய்த ஆய்வு ஒன்று உண்டு. புருவ இடுக்கில் ஊசி போட்டுக்கொள்ளப்போகும் பெண்களுக்குப் போடுவதற்கு முன்னும் பின்னும் வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு, கோபமும் சோகமும் உள்ள வாக்கியங்களைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. மகிழ்ச்சியான வாக்கியங்களில் மாற்றமில்லை. இன்னொரு பக்கம், இதே இடத்தில் போட்டால் மனச்சோர்வு குறைகிறது என்று சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் வைத்துப் பெரிய முடிவுக்குப் போகமாட்டேன். ஆனால் முகத்தில் காட்டுவது உள்ளே உணர்வதையும் தொடுகிறது என்பது ஆடுகிறவர்களுக்குப் புது விஷயமா என்ன?

ஐடி_குமரன் | சென்னை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு 27. "இப்பவே போட ஆரம்பித்தால் கோடே விழாது" என்று இன்ஸ்டாவில் ரீல்ஸாக வந்து குவிகிறது. நிஜமா டாக்டர்?

தோல்டாக்டர் | கோவை

தம்பி, அந்தப் பேச்சுக்கு எல்லோரும் காட்டுவது 2006இல் வந்த இரட்டையர் கட்டுரை. ஒரே கருவில் பிறந்த அக்கா தங்கை. ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸில் 13 வருஷம் நெற்றிக்கும் புருவ இடுக்குக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போட்டுக்கொண்டார். மற்றவர் மியூனிக்கில், அந்தக் காலம் முழுக்க இரண்டே தடவை. முதலாமவருக்குச் சும்மா இருக்கும்போது நெற்றியில் கோடு பதியவில்லை, மற்றவருக்குப் பதிந்திருந்தது. போடாத இடங்களில், உதாரணமாக மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில், இருவருக்கும் வித்தியாசமில்லை. பார்க்க அழகான ஆதாரம்தான், ஆனால் ஒரே ஒரு ஜோடி. ஊரும் வெயிலும்கூட வேறு வேறு.

ஆக, தசை மடித்து மடித்து விழும் கோட்டை இது தள்ளிப்போடும். முகம் முதிர்வது அதோடு முடிகிறதா? கன்னத்துக் கொழுப்பு கரைகிறது, கொஞ்சம் கீழே சரிகிறது. கண்குழி எலும்பு அகலமாகிறது, தாடை எலும்பு தேய்கிறது. தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது. இதில் எதையும் இந்த ஊசி தொடாது. நம்மைப் போல மாநிறமும் கறுப்புமாக இருப்பவர்களுக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் விழும். முதலில் வருவது திட்டுத்திட்டாகக் கருமை, கண்ணுக்குக் கீழே பள்ளம். அதற்கு நெற்றியில் ஊசி போட்டு என்ன பயன்?

வெயிலைப் பாருங்கள். 2012இல் ஒரு மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க லாரி டிரைவரின் படம் வந்தது. 28 வருஷம் ஓட்டியவர், 69 வயது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்துச் சுருங்கிக் கிடக்கிறது, வலது கன்னம் பத்து இருபது வயது குறைவாகத் தெரிகிறது. நம் ஊரில் என்றால் வலது பக்கம் அப்படி ஆகும்! ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 900க்கு மேற்பட்டவர்களை நாலரை வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. 27 வயதில் உன் காசை அங்கே போடு. பைக்கில் போகிறவன் என்றால் இரண்டு மடங்கு.

மோர்க்குழம்பு | மதுரை

அதெல்லாம் சரி. சினிமாக்காரர்கள் சிலர் முகம் குளவி கொட்டிய மாதிரி உப்பிக் கிடக்கிறதே, அது எந்தக் கணக்கு?

தோல்டாக்டர் | கோவை

அது ஃபில்லர். போடாக்ஸ் எதையும் உப்பவைக்காது. ஹையலுரானிக் அமிலம் என்ற ஜெல்லைப் பள்ளமான இடத்தில் ஊசியால் நிரப்புவது ஃபில்லர். எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள், ஆபத்து வேறு வேறு. ஃபில்லர் தவறி ரத்தக்குழாயில் போனால் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம். மூக்கும் புருவ இடுக்கும் அதற்கு மிக மோசமான இடங்கள். சலங்கை மேடம், கோடு ஆழமாக இருக்கிறது, ஊசியோடு கொஞ்சம் ஃபில்லரும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நிறுத்தினால் முகம் முன்பைவிடத் தளராது, விட்ட இடத்துக்கு வரும், நடுவில் ஓடிய வயதோடு சேர்த்து. பல வருஷம் விடாமல் போட்டால் அந்தத் தசை மெலியும், அது உண்மை. புருவம் நெரிக்க முடியாதவர்கள் மூக்கைச் சுளிக்கப் பழகி மூக்கோரத்தில் புதுக்கோடு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். தாடைத் தசைக்குப் போடுவது வேறு கதை. அங்கே அடிக்கடி போட்டால் தாடை எலும்பு தேயுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. முகம் ஒல்லியாகத் தெரிய அதைக் கேட்டு வரும் கல்லூரிப் பெண்களை நான் திருப்பி அனுப்புகிறேன்.

கண்மை | திருச்சி

எல்லா டாக்டரும் இப்படித் திருப்பி அனுப்பினால் நான் ஏன் பார்லருக்குப் போகிறேன்?

தோல்டாக்டர் | கோவை

நியாயமான கேள்விதான் அம்மா. பதில் என்னிடம் இல்லை.

சலங்கைச்சத்தம் | சென்னை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு சோதனை செய்து பார்த்தேன். புருவ இடுக்கில் மைக்ரோபோர் டேப்பை இறுக்கி ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அந்தப் பதத்தின் அனுபல்லவியை ஆடினேன். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு ஆடினேன். மூத்த மாணவி போனில் படம் பிடித்தாள். டேப் இருந்தபோது நாயகி அவனை மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. மன்னிக்கிறவளா அவள்!

அதனால் மார்கழிக்கு முன்னால் வேண்டாம் என்று முடிவு. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை, மோர்க்குழம்பு சார் சந்தோஷப்பட வேண்டாம். மாசி பங்குனியில் எனக்கு மேடை இல்லை, கோடை முழுக்க வகுப்புதான். அப்போது போட்டால் அடுத்த சீசனுக்குள் இறங்கிவிடும் அல்லவா டாக்டர்? அதுவரை சன்ஸ்கிரீன். ட்ரெட்டினாய்ன் க்ரீம் பற்றியும் கேள்விப்பட்டேன், சொல்லுங்கள்.

தோல்டாக்டர் | கோவை

பங்குனியில் போட்டால் ஆடி ஆவணிக்குள் இறங்கிவிடும், மார்கழிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. முதல் தடவை இடுக்கில் மட்டும், 20க்குக் குறைவாகவே ஆரம்பிக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கூட்டலாம், போட்டதை எடுக்கமுடியாது. பார்வை இரண்டாகத் தெரிவது, விழுங்கக் கஷ்டம், பேச்சு குழறுவது, மூச்சு வாங்குவது, இவை எதுவும் எத்தனை நாள் கழித்து வந்தாலும் கிளினிக்குக்கு போன் செய்துகொண்டு இருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ட்ரெட்டினாய்ன் வெயிலால் வந்த மெல்லிய சுருக்கத்துக்கும் கருமைக்கும் நன்றாக வேலை செய்யும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இரவில் பட்டாணி அளவு, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள். தோல் உரியும், எரியும். மேடைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், உரிகிற தோலில் பேன்கேக் நிற்காது. கர்ப்பம் என்றால் கூடவே கூடாது. புருவ இடுக்குக் கோடு அதனால் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நட்டுவாங்கம் | தஞ்சாவூர்

பேன்கேக் பேச்சு வந்ததால் ஒன்று. புருவ இடுக்கில் கனமாகப் பூசாதீர்கள். ஈரப் பஞ்சால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போட்டு, முகத்தை நன்றாக நெரித்துப் பிடித்துக்கொண்டு அந்த மடிப்பில் இருப்பதைத் துடைத்துவிட்டு, அப்புறம் பவுடர் ஒத்துங்கள். பொட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பதத்தில் எந்த ராகம் அம்மா?

சலங்கைச்சத்தம் | சென்னை

சஹானா மாமா.

நட்டுவாங்கம் | தஞ்சாவூர்

கனிவான சஹானாவிலா கண்டிதை! அப்படியென்றால் நெரிப்பையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், டேப் ஒட்டாததை.